மேல்மாடி ஷவருக்குப் பம்ப் எங்கே வைப்பது?

புணே நீண்ட காலமாகவே நிலத்தின் சரிவை நம்பித் தண்ணீர் பெற்ற ஊர். 18-ஆம் நூற்றாண்டில், நானாசாகேப் பேஷ்வா காலத்தில், கத்ரஜ் ஏரித் தண்ணீரை மண்ணுக்கடியில் கால்வாய் அமைத்து சனிவார் வாடா வரை மோட்டார் இல்லாமலே கொண்டுவந்தார்கள். இன்று கடக்வாஸ்லா அணைத் தண்ணீர் அடுக்குமாடிகளின் சம்ப்புக்கு வந்து, மோட்டாரால் மொட்டைமாடித் தொட்டிக்கு ஏறுகிறது. அங்கிருந்து குளியலறைக்குத் தானாக இறங்குகிறது. பத்து மீட்டர் உயரம் ஏறக்குறைய ஒரு பார் அழுத்தம் தரும். தொட்டி மொட்டைமாடித் தரையிலேயே இருந்தால், கடைசி மாடி ஷவர் அதற்கு மூன்று, நான்கு அடி கீழேதான் இருக்கும். தொட்டி நிறைந்திருந்தாலும் 0.2 பார் கிடைப்பதே அதிகம். மூன்று மாடி கீழே உள்ளவருக்கு ஒரு பாருக்கு மேல் கிடைக்கிறது. ஆக, மேல்மாடிக்காரர் பம்ப் கேட்பது ஆடம்பரம் அல்ல.

ஆனால் அதைக் குளியலறைக்குள் வைப்பது தவறு என்பதே என் வாதம். பம்ப் தண்ணீரை உண்டாக்குவதில்லை. தன்னிடம் வந்து சேர்வதைத்தான் தள்ளுகிறது. பல வீடுகளுக்கு ஒரே குழாய் இறங்கும்போது நடுவில் ஒருவர் உறிஞ்சினால், அந்த நேரத்தில் பக்கத்து வீட்டுக் குழாய் நூலாக ஒழுகும். அதனால் பம்ப் மொட்டைமாடியில், தொட்டியின் வெளிவாயை ஒட்டி, அந்த வீட்டுக்கென்றே இறங்கும் தனிக் குழாயில் இருக்க வேண்டும். அதற்கு சொசைட்டியின் ஒப்புதலும் வேண்டும். அதற்கும் முன்னால் குழாயைப் பாருங்கள். ஒரே அளவு நீர் ஓடும்போது, உள்விட்டம் 15 மில்லிமீட்டரிலிருந்து 20 ஆனாலே உராய்வு இழப்பு ஏறக்குறைய கால் பங்காகக் குறையும். உப்பு படிந்த ஷவர் தலையைச் சுத்தம் செய்வதும், பாதி திறந்த வால்வை முழுதாகத் திறப்பதும் பம்ப் செலவையே மிச்சப்படுத்தலாம்.

தொட்டியை உயர்த்தினால் போதாதா என்பார்கள். புதுக் கட்டடத்தில் அதுவே நல்லது. பழையதில் கூரை தாங்குமா என்று பார்க்க வேண்டும்; ஆயிரம் லிட்டர் என்பது ஒரு டன் எடை. அதைத் தூக்கிவைத்து மூன்று மீட்டர் உயர்த்தினாலும் கூடுவது 0.3 பார்தான். பம்ப் தண்ணீரை வீணாக்கும் என்பது வலுவான ஆட்சேபம். நகரங்களுக்கு ஆளுக்கு நாளொன்றுக்கு 135 லிட்டர் என்பது நாட்டில் வழங்கும் அளவுகோல். நிமிடத்துக்கு 12 லிட்டர் கொட்டும் ஷவரில் பத்து நிமிடம் நின்றால் 120 லிட்டர் போய்விடும்! ஆனால் அழுத்தம் வேறு, அளவு வேறு. நிமிடத்துக்கு 8 லிட்டர் மட்டும் விடும் ஷவர் தலையைப் பொருத்தி ஐந்து நிமிடத்தில் குளித்தால் 40 லிட்டர், அதாவது இரண்டு பெரிய வாளி. அந்த ஷவர் தலை இல்லாமல் பம்ப் மட்டும் பொருத்துவதை நான் ஆதரிக்க மாட்டேன்.

பலர் தவறவிடுவது சோலார் ஹீட்டர். பச்சைத் தண்ணீர்க் குழாய்க்கு மட்டும் பம்ப் போட்டால், மிக்ஸர் வழியாக அது வெந்நீர்க் குழாய்க்குள் எதிர்த்து ஏறும். வெந்நீர் நின்றுவிடும், காற்றுக்குழாய் வழியே மொட்டைமாடியில் வழியவும் கூடும். இரண்டு குழாய்களிலும் அழுத்தம் சமமாக வேண்டும்; வெந்நீர்ப் பக்கத்துப் பம்ப் அந்தச் சூட்டைத் தாங்குவதாக இருக்க வேண்டும். நீரோட்டத்தை உணர்ந்து இயங்கும் பம்ப் மேல்மாடியின் மெல்லிய ஓட்டத்தில் ஓடத் தொடங்காமலே போகலாம் என்பதால், அழுத்தம் குறைந்ததும் ஓடும் வகையைக் கேட்டு வாங்குங்கள். மழை படாத மூடிக்குள் வைத்து, எர்த் இணைப்பும் 30 மில்லிஆம்பியர் கசிவுக்கே மின்சாரத்தைத் துண்டிக்கும் ஆர்சிசிபியும் பொருத்திய பிறகே சுவிட்சைப் போடச் சொல்லுங்கள்.