எத்தனை பிள்ளைகள்? கணக்குக் கேட்பது கட்சிகள், சுமப்பது பெண்கள்

தேர்தல் வந்துவிட்டால் போதும், முஸ்லிம் வீடுகளில் எத்தனை பிள்ளைகள் என்று எண்ணுவதற்கு யாராவது கிளம்பிவிடுகிறார்கள். 2024 ஏப்ரல் 21 அன்று ராஜஸ்தானின் பன்ஸ்வாராவில் பிரதமர் பேசியதை நாம் மறந்திருக்க மாட்டோம். மக்களின் சொத்தை எடுத்து, அதிகப் பிள்ளைகள் பெறுபவர்களுக்குக் காங்கிரஸ் பிரித்துக் கொடுத்துவிடும் என்ற பொருளில் அவர் பேசினார். முஸ்லிம்களைச் சொல்லவில்லை என்று பிறகு ஒரு பேட்டியில் விளக்கமும் தந்தார். இப்படிப்பட்ட பேச்சுகளுக்கு நம் தரப்பிலிருந்து பதில்கள் வராமல் இல்லை. ஆனால் குற்றச்சாட்டிலும் சரி, பதிலிலும் சரி, ஒருவர் பெரும்பாலும் காணாமல் போகிறார். பிள்ளையைச் சுமந்து பெறும் பெண்.

புள்ளிவிவரத்தை முதலில் சொல்லி முடித்துவிடுவோம். தேசியக் குடும்ப நல ஆய்வின்படி 1992-93இல் ஒரு முஸ்லிம் பெண்ணுக்குச் சராசரியாக 4.4 குழந்தைகள், இந்துப் பெண்ணுக்கு 3.3. 2019-21இல் அது முறையே 2.36, 1.94 என்று ஆகிவிட்டது. இரண்டும் குறைந்திருக்கின்றன, நம்முடையது வேகமாகக் குறைந்திருக்கிறது. பீகாரில் ஓர் இந்துப் பெண் பெறும் சராசரிக் குழந்தைகளின் எண்ணிக்கை, கேரளத்து முஸ்லிம் பெண்ணுடையதைவிட அதிகம். படிப்பும் மருத்துவ வசதியும் எங்கே இருக்கின்றனவோ அங்கே எண்ணிக்கை குறைகிறது, அவ்வளவுதான்.

மேடைப் பேச்சு பேச்சோடு நின்றுவிடுவதில்லை, சட்டமாகவும் மாறுகிறது என்பதுதான் நாம் கவனிக்க வேண்டியது. இரண்டுக்கு மேல் பிள்ளை உள்ளவர் ஊராட்சித் தேர்தலில் நிற்கக் கூடாது என்ற விதியை 1990களில் ராஜஸ்தான், ஹரியானா, ஆந்திரா, ஒடிசா ஆகிய மாநிலங்கள் கொண்டு வந்தன. மத்தியப் பிரதேசம், மகாராஷ்டிரா, குஜராத் பின்னால் சேர்ந்துகொண்டன. குறிப்பிட்ட ஒரு தேதிக்குப் பிறகு மூன்றாவது குழந்தை பிறந்தால் வேட்புமனு தள்ளுபடி. ஏற்கெனவே ஜெயித்தவராக இருந்தால் பதவி போய்விடும். இந்த விதி வார்டு உறுப்பினருக்கும் ஊராட்சித் தலைவருக்கும்தான். சட்டத்தை இயற்றிய சட்டமன்ற உறுப்பினர்களுக்குக் கிடையாது, நாடாளுமன்ற உறுப்பினர்களுக்கும் கிடையாது.

இது யாரைத் தாக்கியது? 73ஆவது அரசியல் சட்டத் திருத்தம் 1993இல் நடைமுறைக்கு வந்து, ஊராட்சிகளில் பெண்களுக்கு மூன்றில் ஒரு பங்கு இடம் ஒதுக்கியது. அதுவரை வாசலைத் தாண்டாத இளம் பெண்கள் முதன்முதலாக மன்றத்துக்குள் வந்தார்கள். பிள்ளை பெறும் வயதில் இருப்பவர்கள் அவர்கள்தான். ஊர்ப் பெரியவர்களான ஆண்கள் அந்த வயதை எப்போதோ கடந்தவர்கள். கெடு தேதிக்கு முன்பே ஐந்தாறு பிள்ளை பெற்றிருந்தாலும் அவர்களுக்குப் பாதகம் இல்லை. ஆக, கதவைத் திறந்த அதே ஆண்டுகளில் திறந்த கதவுக்குக் குறுக்கே ஒரு கட்டையையும் போட்டார்கள்.

மத்தியப் பிரதேசத்தின் முன்னாள் தலைமைச் செயலாளர் நிர்மலா புச் இந்த விதியின் விளைவுகளை ஐந்து மாநிலங்களில் ஆராய்ந்தார். பதவிக்காக மனைவியைக் கைவிட்ட கணவர்கள், குழந்தை தன்னுடையதே இல்லை என்று மறுத்தவர்கள், பிறந்த பிள்ளையை வேறு வீட்டுக்குத் தத்துக் கொடுத்தவர்கள், கருவைக் கலைக்க வைக்கப்பட்ட பெண்கள் என்று அவருடைய ஆய்வில் வந்தவை படிக்கவே மனம் கனக்கும் செய்திகள். ஆண் நின்ற தேர்தலிலும் விலை கொடுத்தது பெண். பெண் நின்ற தேர்தலிலும் அவளேதான்.

ஹரியானா விதியை எதிர்த்த வழக்கு உச்ச நீதிமன்றம் சென்றது. ஜாவேத் எதிர் ஹரியானா அரசு என்ற அந்த வழக்கில் 2003 ஜூலை 30 அன்று தீர்ப்பு வந்தது. விதி செல்லும் என்று. இந்தத் தீர்ப்பைப் பற்றிப் பேசும்போது நம்மவர்கள் பலதார மணம் குறித்து நீதிமன்றம் சொன்னதை மட்டுமே எடுத்து விவாதிக்கிறார்கள். அதே வழக்கில் இன்னொரு வாதமும் வைக்கப்பட்டது. பிள்ளை பெறுவதா வேண்டாமா என்பதை நம் கிராமங்களில் பெண் தனியாக முடிவு செய்ய முடிகிறதா, கணவனின் விருப்பத்துக்கு அவளைத் தண்டிக்கலாமா என்ற வாதம். விழிப்புணர்வு பெற்று வரும் இந்தியப் பெண்கள் விருப்பமின்றி மூன்றாவது குழந்தையைப் பெறும் அளவுக்கு அபலைகள் அல்ல என்று சொல்லி நீதிமன்றம் அதைக் கடந்து போனது. நமக்கு இந்த விடை ஏற்புடையதாக இல்லை. வீட்டுக்குள் நடப்பதை அறிந்த எந்தத் தாயும் இதை ஏற்பாளா என்பதும் சந்தேகமே. 2009இல் இதே உச்ச நீதிமன்றம், சுசிதா ஸ்ரீவஸ்தவா வழக்கில், பிள்ளை பெறுவதையும் பெறாமலிருப்பதையும் தேர்ந்தெடுப்பது 21ஆவது பிரிவு தரும் தனிமனித சுதந்திரத்தின் பகுதி என்றது. ஆனாலும் 2003இன் தீர்ப்பு அகற்றப்படவில்லை.

ஹரியானா, மத்தியப் பிரதேசம், இமாச்சலப் பிரதேசம் போன்றவை சில ஆண்டுகளிலேயே இந்த விதியைக் கைவிட்டன. அந்த எண்ணம் மட்டும் சாகவில்லை. உத்தரப் பிரதேசச் சட்டமன்றத் தேர்தலுக்கு ஏழெட்டு மாதம் இருக்கும்போது, 2021 ஜூலையில், அம்மாநிலச் சட்ட ஆணையம் ஒரு வரைவு மசோதாவை வெளியிட்டது. இரண்டுக்கு மேல் பிள்ளை இருந்தால் உள்ளாட்சித் தேர்தலில் நிற்க முடியாது, அரசு வேலைக்கு விண்ணப்பிக்க முடியாது, அரசு மானியம் கிடையாது. ஒரு மாதம் அதைச் சுற்றியே விவாதம் நடந்தது. தேர்தல் முடிந்தது. மசோதா சட்டமாகவே இல்லை. யாரை நோக்கி அந்த அம்பு எய்யப்பட்டது என்பதை விளக்க வேண்டியதில்லை.

அஸ்ஸாமில் நடந்தது இன்னும் நேரடியானது. நாடாளுமன்றத் தேர்தல் நெருங்கிய 2024 ஜனவரியில், சுய உதவிக் குழுப் பெண்களுக்குத் தொழில் தொடங்கப் பணம் தரும் திட்டத்தை முதல்வர் ஹிமந்த பிஸ்வ சர்மா அறிவித்தார். பொதுப் பிரிவு, பிற்படுத்தப்பட்ட பிரிவுப் பெண்களுக்கு மூன்று பிள்ளைக்கு மேல் இருக்கக் கூடாது. பட்டியல் சாதி, பழங்குடிப் பெண்களுக்கு நான்கு வரை அனுமதி. அஸ்ஸாம் முஸ்லிம் பெண்களில் பெரும்பாலோர் முதல் வகையில் வருபவர்கள். பிள்ளை பிறந்ததற்குத் தந்தையிடம் யாரும் எதையும் பிடித்தம் செய்யவில்லை. தாயின் பத்தாயிரம் ரூபாய்க்குத்தான் நிபந்தனை.

ஏன் எப்போதும் பெண்? இதற்கும் ஒரு தேர்தலில்தான் விடை இருக்கிறது. நெருக்கடி நிலைக் காலத்தில், 1976-77 என்ற ஒரே ஆண்டில், 80 லட்சத்துக்கும் மேற்பட்ட கருத்தடை அறுவைகள் செய்யப்பட்டன. பெரும்பாலும் ஆண்களுக்கு. ஹரியானாவின் மேவாத் பகுதியில் உட்டாவர் என்ற முஸ்லிம் கிராமத்தைப் போலீஸ் சுற்றி வளைத்து ஆண்களைப் பிடித்துச் சென்றது. 1977 தேர்தலில் வட இந்தியா காங்கிரஸைத் துடைத்தெறிந்தது. ஆணைத் தொட்டால் ஆட்சி போகும் என்று எல்லாக் கட்சிகளும் அன்று கற்றுக்கொண்டன. அதன் பிறகு அறுவை மேசைக்குப் பெண்களே வந்தார்கள். 2019-21 ஆய்வின்படி நாட்டில் திருமணமான பெண்களில் 37.9 விழுக்காட்டினர் கருத்தடை அறுவை செய்துகொண்டவர்கள். கணவர் செய்துகொண்டது 0.3 விழுக்காடு. அது சிறிய, எளிய அறுவை என்று மருத்துவர்கள் சொல்லிக்கொண்டே இருக்கிறார்கள், கேட்பார் இல்லை. 2014 நவம்பரில் சத்தீஸ்கரின் பிலாஸ்பூர் முகாமில் சில மணி நேரத்தில் 83 பெண்களுக்கு அறுவை செய்து, பத்துக்கும் மேற்பட்டோர் இறந்த பிறகுதான் உச்ச நீதிமன்றம் அத்தகைய முகாம்களை நிறுத்தச் சொன்னது.

இப்போது காற்று திசை மாறி வீசுகிறது. தொகுதி மறுவரையறை வந்தால் மக்கள்தொகையைக் கட்டுப்படுத்திய தென் மாநிலங்கள் இடங்களை இழக்கும் என்ற அச்சம் நியாயமானது. ஆனால் அதற்கு மருந்தாக 2024 அக்டோபரில் சந்திரபாபு நாயுடு கூடுதல் பிள்ளைகள் பெறச் சொன்னார். அன்றைய நம் முதல்வர் ஸ்டாலினும் ஒரு திருமண விழாவில் பதினாறு பெற்றால் என்ன என்று கேட்கும்படி ஆகிவிட்டதே என்றார். ஆந்திரா 30 ஆண்டு பழைய விதியை 2024 நவம்பரில் நீக்கியது, நல்லதே. அடுத்த மார்ச்சில் தெலுங்கு தேசம் எம்.பி. ஒருவர், மூன்றாவது குழந்தை பெண்ணாக இருந்தால் 50,000 ரூபாய், ஆணாக இருந்தால் பசு மாடு என்று அறிவித்தார். நேற்று மூன்றாவது பிள்ளைக்காகப் பதவி இழந்த பெண்ணிடம் இன்று அதே பிள்ளைக்கு மாடு தருகிறோம் என்கிறார்கள். இரண்டு முறையும் அவளிடம் யாரும் கேட்கவில்லை.

நம் வீடுகளிலும் இந்தக் கேள்வி கேட்கப்படுவதில்லை என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். மாமியார் முடிவு செய்கிறார், கணவர் தலையாட்டுகிறார், அல்லது மேடையில் ஒருவர் சமுதாயம் பெருக வேண்டும் என்று முழங்குகிறார். கருத்தரிப்பைத் தவிர்க்கும் அஸ்ல் முறைக்கு மனைவியின் சம்மதம் வேண்டும் என்று ஹனஃபி, மாலிகி, ஹன்பலி மத்ஹபுகளின் அறிஞர்கள் பெரும்பாலோர் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே எழுதி வைத்திருக்கிறார்கள். பிள்ளைப் பேற்றில் அவளுக்கு உரிமை உண்டு என்பதே அவர்கள் சொன்ன காரணம். (கருக்கலைப்பில் மார்க்கச் சட்டம் கடுமையானது, அது தனிக் கட்டுரைக்கு உரியது.)

தமிழ்நாட்டு ஊராட்சிச் சட்டத்தில் பிள்ளை எண்ணிக்கைத் தடை இல்லை. 2016 முதல் உள்ளாட்சிகளில் பெண்களுக்குப் பாதி இடம். நம் பெண்கள் வார்டு உறுப்பினர்களாக அமர முடிவது இதனால்தான். வாக்குக் கேட்டு வருபவரிடம், அவர் எந்தக் கட்சியானாலும், இந்த நிலை மாறாது என்ற உறுதியைக் கேட்கலாம். ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெண் மருத்துவர் இருக்கிறாரா என்று கேட்கலாம். பிரசவத்துக்குப் போகும் நம் பெண்களிடம் முன்கூட்டியே ஒன்றைச் சொல்லி வைப்பதும் நல்லது: கருத்தடை அறுவைக்கு அரசு வழிகாட்டு நெறிகளின்படி அவளுடைய கையெழுத்து போதும். கணவர் கையெழுத்து கட்டாயம் இல்லை. அவள் வேண்டாம் என்றால் வேறு யார் கையெழுத்திட்டாலும் அது செல்லாது.