யப்பானிய மேப்பிளின் வெள்ளிலை

யப்பானியர் தம் மேப்பிள் மரத்தைக் 'கயெதே' என்பர். தவளையின் கை எனப் பொருள்படும் பழஞ்சொல்லின் திரிபு அது. விரல்போல் மடல்கள் விரிந்த இலையை நோக்குவார்க்கு அப்பெயரின் பொருத்தம் விளங்கும். 1784இல் இதற்கு 'ஏசர் பல்மாற்றம்' எனப் பெயரிட்ட சுவீடன் நாட்டுத் துன்பேர்க்கு என்பார்க்கு மனிதரின் உள்ளங்கையே நினைவில் எழுந்தது போலும்.

சட்டியில் வளர்க்கும் இம்மரத்தின் ஒரு கிளையில் மட்டும் திடீரென வெண்டிட்டுக்கள் படர்ந்த இலைகள் துளிர்ப்பதுண்டு. இது நோயோ, பேறோ? கிளையை வெட்டுவதும் காப்பதும் அவ்வினாவின் விடையைப் பொறுத்தன.

மண்ணிற் சுண்ணாம்பு மிகுந்தால் வேர் இரும்பை எளிதில் ஏற்காது. அப்பொழுது தளிர்கள் மஞ்சளிக்க, நரம்புகள் பச்சையாகவே நிற்கும். இக்குறை பெரும்பாலும் ஒரு கிளையோடு அமையாது. வைரசு நோயிலோ திட்டுக்கள் மங்கலாய்ப் பரவும். இலை கோணிச் சுருங்குதலும் உண்டு. அழகைக் கண்டு நோயில்லையெனத் துணிதலும் ஆகாது. 752இல் யப்பானியப் பேரரசி கோக்கென், கோடையிலேயே மஞ்சளித்து நின்ற செடியொன்றைப் பாடினார். அம்மஞ்சள் வைரசின் செயலென இக்கால ஆய்வாளர் கருதுவர்.

வெண்மையின் விளிம்பு தெளிவாயிருந்து, கிளையும் நலமாயிருப்பின், காரணம் பெரும்பாலும் வேறு. தண்டின் நுனியிலுள்ள பிரியிழையத்தில் உயிர்க்கலங்கள் படைபடையாய் அமைந்துள்ளன. அவற்றுள் ஒன்று விகாரமுற்றுப் பச்சையம் ஆக்கும் ஆற்றலை இழப்பின், அதன் வழிவந்த கலங்கள் யாவும் வெண்மையாகும். இரு வகைக் கலங்கள் ஓருடலில் வாழும் இந்நிலைக்கு, சிங்கமும் ஆடும் பாம்பும் கூடிய கிரேக்கப் புராண விலங்கின் பெயரால் 'கைமேரா' எனச் செருமானியர் விங்கிளர் 1907இல் பெயரிட்டார். 1909இல் பவுர் என்பார், வெள்ளை விளிம்புடைய பெலார்கோனியச் செடியில் இப்படையமைப்பை விளக்கினார்.

இப்பண்பு விதைவழி நிலையாய் வருவதன்று. ஒட்டுக்கட்டியே பெருக்கல் வேண்டும். 'மிதக்கும் முகில்' எனப் பொருள்படும் 'உக்கிகுமோ' முதலிய பெயர்பெற்ற வகைகளும் ஒட்டினாலேயே பரவின. ஆனால் முழு வெண்மையான கொம்பை ஒட்டுதல் வீண்முயற்சி. அது தனக்கு வேண்டிய உணவை ஆக்கமாட்டாது. மரத்தின் பச்சை இலைகள் ஊட்டும்வரையே வாழும். இரு நிறமும் கலந்த கொம்பையே தெரிதல் வேண்டும். அதில் முழுப்பச்சைத் தளிர் எழுமாயின் உடனே கிள்ளிவிடல் நன்று. உணவாக்கும் வலிமையால் அது விரைந்து வளர்ந்து வெள்ளிலைகளை மறைத்துவிடும். நண்பகல் வெயிலும் வெண்பகுதியைக் கருக்கும்.

எனினும் முதலாண்டிலேயே ஒட்டுவதற்கு விரைதல் வேண்டா. அடுத்த இளவேனிலிலும் அதே கிளை அவ்வாறே துளிர்க்கின்றதா என்று பார்த்தபின் கத்தியை எடுக்கலாம்.