முறை மாறினால் பொருள் மாறுமா? நிலைபொருள் கோப்புகளின் வரிசை விதிகள்

'வளவன் முருகனைக் கண்டான்' என்பதை 'முருகனைக் கண்டான் வளவன்' என மாற்றினாலும் பொருள் மாறுவதில்லை. காணப்பட்டவன் யார் என்பதை 'ஐ' உருபு காட்டிவிடுகிறது. உறவைக் காட்டும் குறி சொல்லிலேயே இருப்பின் வரிசை நெகிழ்கிறது. குறி இல்லையேல் இடமே பொருளைச் சுமக்கிறது. கணினிக் கோப்புகளிலும் இவ்வுண்மையைக் காணலாம்.

கணினிக்கு மின்னோட்டம் கிடைத்ததும், இயங்குதளத்திற்கு முன்பே செயற்படும் மென்பொருளே நிலைபொருள். யூஇஎஃப்ஐ தரத்தைப் பின்பற்றும் நிலைபொருளை உருவாக்க உதவும் திறமூலத் தொகுதிகளுள் ஒன்று இடிகே 2. எந்தெந்தக் கூறுகளைத் தொகுப்பது என்பதை அதன் டிஎஸ்சி கோப்பும், அவற்றை நினைவுச் சில்லில் எங்கு வைப்பது என்பதை எஃப்டிஎஃப் கோப்பும் கூறும்.

டிஎஸ்சி கோப்பில் வரையறைப் பகுதி முதலில் வரவேண்டும். ஏனைய பகுதிகள் எவ்வரிசையிலும் வரலாம். ஒவ்வொன்றின் தலைப்பே அதன் வகையைக் காட்டுகிறது. எஃப்டிஎஃப் கோப்பிலோ சில்லின் பரப்பைப் பிரிக்கும் வட்டாரங்கள் ஏறுவரிசையில் அமைய வேண்டும். ஒன்றன்மேல் ஒன்று படியக் கூடாது.

இயக்கிகள் செயற்படத் தொடங்கும் முறை மேலும் நுட்பமானது. ஓர் இயக்கிக்கு முன்கூட்டியே எவை தேவை என்பதை 'டெபெக்ஸ்' என்னும் சார்புக்கோவை கூறும். அத்தேவைகள் நிறைவேறும்வரை இயக்கி காத்திருக்கும். கோப்பில் அது எங்கு எழுதப்பட்டது என்பது அதன் காத்திருப்பை மாற்றாது. டெபெக்ஸ், வேற்றுமை உருபைப் போன்றது. ஆனால் 'அப்ரியோரி' பட்டியலில் இடம்பெற்ற இயக்கிகள், சார்புக்கோவை பார்க்கப்படாமலே எழுதிய வரிசைப்படி இயங்கும். அங்கே இரண்டு வரிகளை இடம்மாற்றினால், இன்னும் ஆயத்தமாகாத ஒன்றை நாடி ஓர் இயக்கி தோல்வியுறலாம்.

மிகவும் எச்சரிக்கை வேண்டுவது நூலகத் தேர்வு. ஒரே பகுதியில் ஒரு நூலக வகைக்கு இருமுறை விடை எழுதினால், பின்னது வெல்லும். பிழைச் செய்திகளை அச்சிடும் நூலகத்தை மேலே எழுதி, எதையும் அச்சிடாத வெற்று நூலகத்தைக் கீழே விட்டுவிட்டால், தொகுப்பு இடையூறின்றி முடியும். செய்திகள் மட்டும் மறைந்துபோகும். மாணவர் பழுதற்ற இயக்கியில் பழுதைத் தேடி அலைவர். குறிப்பிட்ட கூறுக்கெனத் தனியே எழுதிய தேர்வோ, எங்கிருந்தாலும் பொதுத் தேர்வை வெல்லும்.

எனவே ஒரு வரியை நகர்த்துமுன் மாணவர் ஒன்றைக் கேட்க வேண்டும்: இதன் உறவைக் குறி காட்டுகிறதா, இடம் காட்டுகிறதா? இடமெனில், அதனை நகர்த்துவது பொருளையே மாற்றுவதாகும்.