மகிழுந்தின் மேற்பூச்சு நீடிக்க வேண்டுமானால்…

புதிய மகிழுந்து வாங்குவோரில் பலர், வண்ணத்தைக் காப்பதற்கென ஆயிரக்கணக்கான ரூபாய் செலவிட்டுச் செராமிக் கோட்டிங் செய்துகொள்கின்றனர். அதன்பின் வண்ணத்தைப் பற்றிய கவலை தேவையில்லை என்று எண்ணுவது சரியன்று. பூச்சின் ஆயுள், வண்டியை நாம் கழுவும் முறையையே பெரிதும் சார்ந்துள்ளது.

மகிழுந்தின் தகட்டின்மீது பிரைமர், நிறப்பூச்சு, அவற்றின்மேல் நிறமற்ற கிளியர் கோட் என அடுக்குகள் உள்ளன. கிளியர் கோட்டின் தடிமன் பொதுவாக 40 முதல் 50 மைக்ரான். அதாவது, ஒரு மில்லிமீட்டரில் இருபதில் ஒரு பங்குக்கும் மிகாது. சிலிக்கான் டை ஆக்சைடை அடிப்படையாகக் கொண்ட செராமிக் பூச்சு, அதைவிட மெல்லிய படலமாக இதன்மேல் படிகிறது. நீரும் அழுக்கும் ஒட்டாமல் இது தடுக்கும். கல் தெறிப்பதையோ நசுங்குவதையோ தடுக்காது.

இப்படலத்திற்குப் பெரும் பகை, நாள்தோறும் துடைக்கும் வழக்கமே. ஒரே வாளி நீரில், ஒரே துணியால் பல வண்டிகளைத் துடைக்கையில், துணியில் சிக்கிய மணல் துகள்கள் உப்புத்தாள்போல் தேய்த்து நுண்கீறல்களை உண்டாக்குகின்றன. ஆகவே, துடைப்பவரிடம் ஊதியத்தைக் குறைக்காமல், நாள்தோறும் துடைப்பதற்கு மாற்றாக வாரம் ஒருமுறை முறையாகக் கழுவித் தருமாறு கேட்டுக்கொள்ளலாம்.

கழுவும்போது கவனிக்க வேண்டியவை:

• வண்டியை நிழலில் நிறுத்தி, முதலில் நீரைப் பாய்ச்சிப் புழுதியை அகற்றவும்.
• காரத்தன்மை மிகுந்த சலவைத்தூளைத் தவிர்த்து, மகிழுந்துக்கான ஷாம்பூவைப் பயன்படுத்தவும். ஷாம்பூவுக்கு ஒரு வாளி, துணியை அலச மற்றொரு வாளி தேவை.
• ஆழ்துளைக் கிணற்று நீர் தானே உலர்ந்தால் உப்புக்கறை படியும்; மைக்ரோஃபைபர் துணியால் உடனே ஒற்றியெடுக்கவும்.
• பறவை எச்சத்தை நனைத்து ஊறவிட்டு, அன்றே அகற்றவும்.

நீர் முத்துமுத்தாகத் திரளாவிடில் பூச்சு போய்விட்டது என்று உடனே முடிவு செய்ய வேண்டா. படிந்த அழுக்கும் அதற்குக் காரணமாகலாம். நன்கு கழுவிய பின்னரும் நீர் திரளாவிட்டால் மட்டுமே மறுபூச்சைப் பற்றி எண்ணலாம். பூச்சுக்கான உத்தரவாத அட்டையில், குறித்த காலத்தில் பரிசோதனைக்கு வர வேண்டும் என்ற நிபந்தனை உள்ளதா என்பதையும் பார்த்துக்கொள்ளவும்.

காப்பீடு இருக்கிறதே என்று கருதலாம். மோட்டார் காப்பீட்டில் இயல்பான தேய்மானத்திற்கு இழப்பீடு கிடையாது. விபத்துக்குப்பின் வண்ணம் பூசும்போதும், தேய்மானக் கழிவை நீக்கும் கூடுதல் பாதுகாப்பு பெறாதவர்களுக்கு, வண்ணப் பொருட்செலவில் 50 விழுக்காடு கழிக்கப்படும்.

கடன் தீருமுன் வண்டியை விற்க நேர்ந்தால், விற்பனைத் தொகையிலிருந்து முதலில் நிலுவைக் கடனை அடைக்க வேண்டும், மீதியே உரிமையாளருக்கு. வாங்க வருபவர் முதலில் காண்பது வண்ணத்தையே. வாரம் ஒருமணி நேரக் கவனிப்பு, அந்த மீதித் தொகையைக் காக்கும் எளிய சேமிப்பாகும்.