குறட்டை நின்றபோதுதான் பயந்தேன்

எங்கள் நான்கறை வீட்டில் இரவு மணி பதினொன்றைத் தாண்டிவிட்டதா என்று அறியக் கடிகாரம் தேவையில்லை. அப்பாவின் குறட்டையே சொல்லிவிடும். சிறுவயதில் நானும் தம்பியும் அவருக்குக் ‘கும்பகர்ணன்’ என்று பட்டப்பெயர் வைத்திருந்தோம். தீபாவளிக்கு உறவினர்கள் கூடும்போது அவருடைய குறட்டையை அப்படியே செய்துகாட்டிக் கைத்தட்டலும் வாங்கியிருக்கிறேன்.

“வேலை செஞ்ச களைப்பு. நல்லா அசந்து தூங்குறான், விடு,” என்பார் பாட்டி. அப்பா பொருள்களை விநியோகிக்கும் வேன் ஓட்டுகிறார். அதிகாலை ஐந்து மணிக்கெல்லாம் கிளம்பிவிடுவார். அதனால் பாட்டி சொன்னதை நாங்கள் யாரும் சந்தேகித்ததில்லை.

சென்ற ஆண்டு பல்கலைக்கழகத் தேர்வுக்காக நள்ளிரவு தாண்டியும் படித்துக்கொண்டிருந்தேன். அடுத்த அறையில் வழக்கமான குறட்டை. திடீரென அது நின்றது. ‘அப்பாடா’ என்று இருந்தது. ஆனால் சற்று நேரத்தில், நீரில் மூழ்கியவர் மேலே வந்து மூச்சை இழுப்பதுபோல் ஒரு பெரும் சத்தம். மறுபடியும் குறட்டை, மறுபடியும் நிசப்தம். கைப்பேசியில் நேரத்தைக் கணக்கிட்டேன். ஒருமுறை 22 நொடிகளுக்கு மூச்சுச் சத்தமே இல்லை.

மறுநாள் காலை சொன்னபோது அப்பா சிரித்தார். “எனக்கு ஒன்னும் தெரியலையேம்மா. நல்லாத்தானே தூங்கினேன்!”

அவருக்குத் தெரிந்திருக்க வழியில்லை என்பது எனக்குப் பிறகுதான் புரிந்தது.

தொண்டைக்குள் நடப்பது என்ன?

நாம் உறங்கும்போது தொண்டைத் தசைகள் தளர்கின்றன. நாக்கும் மேல் அண்ணத்தின் மென்மையான பின்பகுதியும் பின்னோக்கிச் சரிந்து மூச்சுப் பாதையைக் குறுக்குகின்றன. குறுகிய வழியில் காற்று வேகமாகச் செல்லும்போது அங்குள்ள தசைகள் அதிர்கின்றன. அந்த அதிர்வுதான் குறட்டை.

சிலருக்கு அந்தப் பாதை முழுவதும் அடைபட்டுவிடும். அப்போது சத்தம் நின்றுவிடும், காற்றும் நின்றுவிடும். நெஞ்சும் வயிறும் மூச்சை இழுக்கப் போராடும். ரத்தத்தில் உயிர்வாயு குறையத் தொடங்கியதும் மூளை விழித்துக்கொண்டு தசைகளை இறுக்கும். பாதை திறக்கும், மூச்சு பாய்ந்து வரும். நான் கேட்ட அந்தப் பெரும் சத்தம் அதுதான். இந்த விழிப்பு சில நொடிகளே நீடிப்பதால், உறங்குபவருக்குக் காலையில் எதுவும் நினைவிருக்காது.

இதை உறக்கத்தில் ஏற்படும் மூச்சுத்தடை என்கிறார்கள். குறைந்தது பத்து நொடி மூச்சு நின்றாலோ வெகுவாகக் குறைந்தாலோ அதை ஒரு தடையாகக் கணக்கிடுவர். பெரியவர்களுக்கு மணிக்கு 5 முதல் 14 தடைகள் வந்தால் லேசானது, 15 முதல் 29 வரை நடுத்தரம், 30ம் அதற்கு மேலும் என்றால் கடுமையானது.

ஒவ்வொரு தடையின்போதும் இதயம் படபடக்கிறது, ரத்த அழுத்தம் எகிறுகிறது. இரவுதோறும், ஆண்டுக்கணக்கில் இது தொடர்ந்தால் உடல் தாங்குமா? உயர் ரத்த அழுத்தம், சீரற்ற இதயத் துடிப்பு, பக்கவாதம், நீரிழிவு ஆகியவற்றுடன் இந்நோய்க்குத் தொடர்பு இருக்கிறது.

குறட்டை எல்லாம் நோயா?

இல்லை. சளியால் மூக்கடைத்தாலும், மது அருந்தினாலும், மல்லாந்து படுத்தாலும் குறட்டை வரலாம். குறட்டை விடுபவர்கள் எல்லாருக்கும் மூச்சுத்தடை இருப்பதில்லை.

ஆனால் தினமும் பலத்த குறட்டை, இடையிடையே மூச்சு நிற்பது, திணறி எழுவது, காலையில் தலைவலி, பகலில் அடக்க முடியாத தூக்கம் ஆகியவை சேர்ந்து வந்தால் அலட்சியம் கூடாது.

‘குண்டானவர்களுக்குத்தான் வரும்’ என்பதும் முழு உண்மையன்று. உடல் எடை முக்கியக் காரணம்தான். ஆனால் தாடை சிறியதாகவோ உள்வாங்கியோ இருந்தால் ஒல்லியானவர்களுக்கும் வரும். பெண்களுக்கு மாதவிடாய் நின்றபின் ஆபத்து கூடுகிறது. பலத்த குறட்டைக்குப் பதிலாகச் சோர்வும் தூக்கமின்மையும் மட்டுமே தெரிவதால், பெண்களிடம் இதைக் கண்டுபிடிப்பது தாமதமாகலாம். சிறுபிள்ளைகளுக்குப் பெரும்பாலும் தொண்டைச் சதை வீக்கம்தான் காரணம். வகுப்பில் கவனம் சிதறும் பிள்ளை, இரவில் சரியாக மூச்சுவிடாத பிள்ளையாகவும் இருக்கலாம்.

சிங்கப்பூரில் நடத்தப்பட்டு 2016ல் வெளிவந்த ஓர் ஆய்வில், சோதிக்கப்பட்டவர்களில் சுமார் 30 விழுக்காட்டினருக்கு நடுத்தர அல்லது கடுமையான மூச்சுத்தடை இருந்தது. அவர்களில் பத்தில் ஒன்பது பேருக்கு அது அதற்குமுன் கண்டறியப்படவே இல்லை. சிறிய ஆய்வுதான். இருந்தாலும், நம் அடுக்குமாடியில் இரவு கேட்கும் குறட்டைகளை நினைத்துப் பார்க்க வைக்கும் எண்ணிக்கை அது.

சிவப்பு விளக்கில் ஒரு நிமிடம்

இதையெல்லாம் படித்துச் சொல்லியும் அப்பா அசையவில்லை. “குறட்டைக்கெல்லாமா டாக்டரு?” என்று தட்டிக்கழித்தார்.

ஒரு சனிக்கிழமை மாலை அவருடன் வேனில் போய்க்கொண்டிருந்தேன். சிவப்பு விளக்கில் வண்டி நின்றது. விளக்கு பச்சையானது. வண்டி நகரவில்லை. பின்னால் ஹாரன் சத்தம். திரும்பிப் பார்த்தால் அப்பாவின் தலை சாய்ந்திருந்தது. தோளைத் தொட்டு எழுப்பினேன். அவர் எதுவும் பேசவில்லை. அடுத்த சந்திப்பைத் தாண்டியபின், “ரெண்டு மூனு தடவை இப்படி ஆயிருக்கு,” என்று மெல்லச் சொன்னார்.

அவர் இத்தனை நாள் மறைத்ததற்கும் காரணம் இருந்தது. டாக்டரிடம் போனால் வண்டி ஓட்டக்கூடாது என்று சொல்லிவிடுவார்களோ, வேலை போய்விடுமோ என்ற பயம். அதைக் கேலிசெய்ய எனக்கு மனம் வரவில்லை. வீட்டுக் கடன், என் படிப்புச் செலவு எல்லாம் அந்த வேனில்தான் ஓடுகின்றன.

அடுத்த வாரம் பலதுறை மருந்தகத்துக்கு நானும் போனேன். மருத்துவர் எட்டுக் கேள்விகள் கேட்டார். பலத்த குறட்டையா, பகலில் களைப்பா, மூச்சு நிற்பதை யாராவது பார்த்ததுண்டா, ரத்த அழுத்தம் உண்டா, உடல் பருமன், ஐம்பது வயதுக்கு மேலா, கழுத்துச் சுற்றளவு 40 சென்டிமீட்டருக்கு மேலா, ஆணா? மூன்றுக்கு ‘ஆம்’ என்றாலே கவனிக்க வேண்டும், ஐந்து அல்லது அதற்கு மேல் என்றால் ஆபத்து அதிகம் என்றார். அப்பாவுக்கு ஏழு.

மூன்றாவது கேள்விக்கு மட்டும் அப்பாவால் பதில் சொல்ல முடியவில்லை. நான்தான் சொன்னேன்.

மருத்துவமனையில் ஓரிரவு தங்கிச் செய்த உறக்கச் சோதனையில் மணிக்கு 38 தடைகள் பதிவாயின. இரண்டு வகை மாத்திரை சாப்பிட்டும் அவருடைய ரத்த அழுத்தம் ஏன் இறங்கவில்லை என்பதற்கு அதுவும் ஒரு காரணமாக இருக்கலாம் என்றார் மருத்துவர். நோய் கட்டுக்குள் வரும்வரை தூக்கக் கலக்கத்தோடு வண்டியை எடுக்கவே கூடாது என்றும் கண்டிப்பாகச் சொன்னார். அப்பா சில வாரங்கள் கிடங்கு வேலைக்கு மாற்றிக்கொண்டார். சம்பளம் குறைந்தது, வேலை போகவில்லை.

இப்போது அவர் ‘சீபேப்’ கருவியோடு உறங்குகிறார். ஆஸ்திரேலிய மருத்துவர் காலின் சல்லிவன் குழுவினர் 1981ல் அறிமுகப்படுத்திய முறை இது. முகமூடி வழியே மெல்லிய காற்றழுத்தம் தொடர்ந்து சென்று தொண்டையைத் திறந்தே வைக்கிறது. முதல் இரண்டு வாரம் முகமூடியைக் கழற்றி வீசாத இரவில்லை. வேறொரு அளவு மாற்றியபின் பழகிவிட்டது. எல்லாருக்கும் கருவிதான் தீர்வு என்பதில்லை. எடையைக் குறைப்பது, ஒருக்களித்துப் படுப்பது, பல் மருத்துவர் செய்துதரும் வாய்க்கருவி, சிலருக்கு அறுவை சிகிச்சை என்று வழிகள் பல.

வீட்டில் இப்போது அமைதி. “அவன் சத்தம் இல்லாம எனக்குத் தூக்கம் வரமாட்டேங்குது,” என்று பாட்டிதான் குறைப்படுகிறார்.

இளையர்களே, உங்கள் வீட்டிலும் ஒரு கும்பகர்ணன் இருந்தால், இன்றிரவு சிரிப்பதற்கு முன் இரண்டு நிமிடம் காது கொடுத்துக் கேளுங்கள். குறட்டை நடுவில் நின்று, திணறலோடு மீண்டும் தொடங்கினால், அதைக் கைப்பேசியில் பதிவுசெய்து மருத்துவரிடம் போட்டுக்காட்டுங்கள். உறங்குபவர் தனக்குத் தானே சாட்சி சொல்ல முடியாது. விழித்திருக்கும் நாம்தான் சொல்ல வேண்டும்.