தலைக்குள் வடியாத தண்ணீர்

மூளையில் நீர் கோத்த குழந்தைகளுக்கு இன்றும் பெரும்பாலும் குழாய்தான் கதி. மாத்திரை வருமா? விடை, நீரைச் சுரக்கும் ஒரு மெல்லிய சவ்வில் இருக்கிறது.

ஓசூரிலிருந்து பெங்களூர் செல்லும் பஸ், நகரைத் தொட இன்னும் சுமார் 20 கிலோமீட்டர் இருக்கும்போது ஹெப்பகோடியைக் கடக்கிறது. சாலையோரத்தில் பயோகான். 1978இல் நொதிகள் தயாரிக்கத் தொடங்கி, 2004இல் நுண்ணுயிர்களைக் கொண்டு உருவாக்கிய மனித இன்சுலினை விற்பனைக்குக் கொண்டுவந்த நிறுவனம். அதே சாலையில் மேலே போனால் நிம்ஹான்ஸ் மருத்துவமனை. கிருஷ்ணகிரி, தர்மபுரிப் பக்கத்திலிருந்து தலை பெருத்த குழந்தையை மடியில் கிடத்திக்கொண்டு வரும் பெற்றோருக்கும் இதுதான் பாதை. அந்தக் குழந்தைக்கு எந்த ஆலையிலும் மருந்து தயாராவதில்லை.

மூளையின் உள்ளறைகளில் கோராய்டு பிளெக்சஸ் என்ற திசு இருக்கிறது. கருவில் ஏழாவது வாரவாக்கிலேயே தலைகாட்டிவிடும். மூளையைச் சுற்றி ஓடும் திரவத்தில் பெரும்பகுதியைச் சுரப்பது இதன் மேல்படலம்தான். பெரியவர்களுக்கு நாளொன்றுக்குச் சுமார் 500 மில்லிலிட்டர் சுரக்கிறது. தலையிலும் முதுகுத்தண்டிலும் ஒரு நேரத்தில் இருப்பதோ 150 மில்லிலிட்டர்தான். ஆக, தினமும் மூன்று முறைக்கு மேல் பழையது வடிந்து புதியது நிரம்ப வேண்டும். வடிகால் அடைத்தால் நீர் தேங்கும். பச்சைக் குழந்தையின் மண்டையோட்டு எலும்புகள் இன்னும் ஒட்டாததால் தலை பெருக்கும்.

சுரப்பது எப்படி? உப்பில் போட்ட மாங்காய் தண்ணீர் விடுவதை எல்லோரும் பார்த்திருப்பார்கள். உப்பு இருக்கும் பக்கம் நீர் போகும். மேல்படலச் செல்களில் உள்ள புரதங்கள் சோடியத்தைத் திரவத்துக்குள் தள்ளுகின்றன. குளோரைடும் பைகார்பனேட்டும் அயனிப் பாதைகள் எனப்படும் நுண்கதவுகள் முதலான வழிகளில் செல்கின்றன. பின்னாலேயே தண்ணீர்.

கதவை அடைத்தால் நீர் குறையுமே? டாக்டர்கள் அப்படித்தான் நினைத்தார்கள். குறைமாதத்தில் பிறந்து மூளையில் ரத்தம் கசிந்த 177 குழந்தைகளிடம் நடந்த சர்வதேச ஆய்வில், அசெட்டசோலமைடு, ஃபியூரோசிமைடு என்ற இரு மருந்துகள் சோதிக்கப்பட்டன. 1998இல் வெளியான முடிவு கசப்பானது. மருந்து பெற்ற குழந்தைகளின் நிலையே மோசம்.

ஒரு விளக்கம் 2021இல் பாஸ்டன் குழந்தைகள் மருத்துவமனை விஞ்ஞானிகளிடமிருந்து வந்திருக்கிறது. என்கேசிசி1 என்ற புரதம் அயனிகளைச் சுமந்து செல்லும் கூலியாள். வளர்ந்த சுண்டெலியில் இது திரவம் சுரக்க உதவுவதாக முந்தைய ஆய்வுகள் கூறியிருந்தன. பிறந்து சில நாளே ஆன குட்டிகளிலோ, பொட்டாசியத்தையும் நீரையும் திரவத்திலிருந்து உள்ளே இழுத்து வடிகாலாக வேலை செய்கிறது. ஃபியூரோசிமைடு அடைக்கக்கூடிய கதவுகளில் இதுவும் ஒன்று. பிஞ்சு மூளைக்கு மருந்து தேடுகிறவர்கள் பெரியவர்களின் கணக்கை வைத்துக்கொண்டு இறங்க முடியாது.

வேறொரு கதவிலும் நம்பிக்கை தெரிகிறது. டிஆர்பிவி4 என்ற அயனிப் பாதையைத் தடுத்தால், பிறவியிலேயே நீர் கோத்த எலிகளுக்கு நோயின் வேகம் தணிவதாக அமெரிக்காவின் இண்டியானாவில் நடந்த ஆய்வு 2020இல் காட்டியது. ஆனால் எலியிலிருந்து தொட்டிலுக்கு நீண்ட தூரம்.

அதுவரை குழாய். மூளையறையிலிருந்து தோலுக்கடியில் வயிற்றுக்கு நீரை இறக்கும் ‘ஷன்ட்’. இதில் இந்தியாவுக்குப் பெருமையும் உண்டு. லக்னோ நரம்பியல் அறுவை நிபுணர் சாப்ராவின் பெயர் தாங்கிய ஷன்டின் விலை 2005 வாக்கில் 35 டாலராக இருந்தது. ஒப்பிட்ட வெளிநாட்டு ஷன்ட் அப்போது 650 டாலர். உகாண்டாவில் 195 குழந்தைகளிடம் ஓராண்டு நடத்தி 2005இல் வெளியிட்ட ஆய்வில் பலனில் குறிப்பிடத்தக்க வித்தியாசம் இல்லை.

விலை குறைந்தாலும் கவலை குறைவதில்லை. குழாய் அடைக்கும், கிருமி தொற்றும். விடாத வாந்தி, ஓயாத அழுகை, மயக்கம் என்றால் மறுபடி ஆபரேஷனாக இருக்கலாம். தலைச்சுற்றளவு மளமளவென்று கூடுவதும், கருவிழி கீழே சரிந்தே நிற்பதும் தாய்மார்கள் கவனிக்க வேண்டிய முதல் அறிகுறிகள்.

கணையத்தின் வேலை புரிந்த பிறகுதான் இன்சுலின் கிடைத்தது. அந்தச் சிறு படலத்தின் வேலை முழுதாகப் புரிந்தால், ஓசூர் சாலையில் குழந்தையோடு செல்லும் பெற்றோருக்கு ஹெப்பகோடி போன்ற ஓர் ஊரிலிருந்தே மருந்து வரலாம்.