"எந்த வாரம் வாங்கினது, குழந்தை?"

நமது தெருவில் ஓர் அம்மாள் அப்பளம் இட்டு விற்கிறார். கணவர் காலமான பிறகு, இரண்டு குழந்தைகளின் பள்ளிச் சம்பளமும் வீட்டு வாடகையும் அந்த அப்பளக் கட்டுகளிலிருந்துதான் வந்தாக வேண்டும். சென்ற ஆண்டில், மாதந்தோறும் வாங்கி வந்த வீடுகளில் சில ஓசைப்படாமல் நின்று விட்டன. யாரும் ஒரு குறையும் சொல்லவில்லை. வழியில் கண்டால், "அப்பளம் பேஷாக இருக்கிறது, மாமி!" என்றே சொன்னார்கள். வாஸ்தவத்தைச் சொன்னால், நாமும் அவர்களில் ஒருவரே. நம் வீட்டில் இரண்டு தடவை அந்த அப்பளம் செக்கச் சிவந்து, சற்றுக் கசக்கவும் கசந்தது. கஷ்டப்படுகிறவரிடம் போய் இதைச் சொல்வதா என்று தாட்சண்யம் வாயை அடைத்து விட்டது.

கடைக்காரரிடம் "பருப்பு மட்டம்" என்று முகத்துக்கு நேரே சொல்லி விடுகிறோம். அடுத்த வீட்டு மாமியிடம் அது வருகிறதா? ஆகையால், வீட்டிலிருந்தபடியே தொழில் நடத்தும் ஸ்திரீகள் குறையைக் கேட்டுத்தான் வாங்க வேண்டியிருக்கிறது. கேட்பதிலும் விதம் உண்டு. "எப்படி இருந்தது?" என்றால், "நன்றாயிருந்தது" என்ற பதில் தயாராக நிற்கும். "பொரித்தபோது சிவந்ததா? உப்புக் கரித்ததா? கட்டில் எத்தனை உடைந்திருந்தது?" என்றால் மழுப்புவது கடினம். வெறும் மார்க்கை மட்டும் போட்டுத் தாளைத் திருப்பிக் கொடுத்தால், தான் எங்கே தப்பினோம் என்று பையனுக்கு விளங்குவதில்லை. உபாத்தியாயத் தொழிலில் நமக்கு இது பழைய அனுபவம்.

கடைசியில் விஷயத்தைப் போட்டு உடைத்தவள் நம் எட்டு வயதுப் பெண். "மாமி, உங்கள் அப்பளம் கசக்கிறது" என்றாள். பூமி பிளந்து நம்மை விழுங்கினால் தேவலை என்றிருந்தது. அந்த அம்மாளோ கோபிக்கவில்லை. "எந்த வாரம் வாங்கினது, குழந்தை?" என்று கேட்டார்.

அந்தக் கேள்வியில்தான் சூட்சுமம் இருக்கிறது. அப்பளக் காரம் அதிகமானால் அப்பளம் சிவக்கும், கசப்பும் தட்டும். எண்ணெய் மிதமிஞ்சிக் காய்ந்திருந்தாலும் சிவக்கும். முன்னது மாவின் குற்றம். பின்னது வாங்கினவர் அடுப்பின் குற்றம். ஒரே நாள் பிசைந்த மாவு போன வீடுகளிலெல்லாம் சிவந்தால் மாவைத் திருத்த வேண்டும். ஒரு வீட்டில் மட்டும் சிவந்தால், எண்ணெயின் பதத்தைச் சொல்லிக் கொடுத்தால் போதும். அந்த அம்மாள் ஒரு நோட்டில், கட்டுப் போன வீடு, மாவு பிசைந்த தேதி, அவர்கள் சொன்ன வார்த்தை என்று மூன்று பத்தி போட்டார். ஒரு மாதத்துக்குள் தெரிந்து விட்டது: சிவந்தவையெல்லாம் வேறொரு கடையில் காரம் வாங்கிய பிறகு பிசைந்தவை. அதுவரை கண்ணளவாகப் போட்டு வந்த காரத்தை இப்போது நிறுத்துப் போடுகிறார்.

சொன்னவர் சொல்லுக்கெல்லாம் ஆட வேண்டுமென்பதில்லை. ஒருவர் மிளகு கேட்பார்; ஒருவர் பிரண்டை கூடாதென்பார். "விலையைக் குறையுங்கள்" என்பது எந்நாளும் வருகிற சொல். பம்பாயில், கிர்காமில், 1959 மார்ச் 15-ஆம் தேதி ஏழு பெண்கள் 80 ரூபாய் கடன் வாங்கி, ஒரு கட்டடத்தின் மாடியில் அப்பளம் இடத் தொடங்கினார்கள். அன்று தயாரானது நாலே கட்டு. அதுதான் பிற்பாடு 'லிஜ்ஜத்' என்று பெயரெடுத்தது. ஆரம்பத்தில் அவர்களும் உயர்ந்த சரக்கு, மலிவுச் சரக்கு என்று இரண்டு தினுசு செய்தவர்களே. அவர்களுக்கு வழிகாட்டிய சகன்லால் கரம்ஸி பரேக் என்னும் பெரியவர், ஒரே தரமாகச் செய்யுங்கள், அதை ஒருபோதும் தாழ்த்த வேண்டாம் என்று சொன்னார். இன்று அந்த ஸ்தாபனத்தில் பல்லாயிரம் பெண்கள் மாவை வீட்டுக்கு எடுத்துப் போய், இட்டு உலர்த்திக் கொண்டு வருகிறார்கள். பரிசோதித்த பின்பே அவை கட்டில் சேருகின்றன.

நமது தெரு அம்மாள், நின்றுபோன வீடுகளுக்குத் தாமே ஒரு சிறு கட்டுடன் போய்க் காரணம் கேட்டார். இரண்டு வீடுகள் திரும்பி வந்தன. ஒரு வீட்டில் வைத்தியர் உப்பைக் குறைக்கச் சொல்லியிருக்கிறாராம். அதையும் நோட்டில் எழுதிக் கொண்டார். நம் வீட்டுக்கு இப்போதும் மாதந்தோறும் வருகிறார். ஆனால் அப்பளத்தைப் பற்றி நம்மிடம் ஒன்றும் கேட்பதில்லை. குழந்தையைக் கூப்பிட்டுக் கேட்டுக் கொண்டு போகிறார்.